நகரப்போறது எலும்பா, பல்லா? மேல்தாடைய அகலப்படுத்தப் போறவங்களுக்கு என் அனுபவம்

வாயோட கூரைன்னு நாம நினைக்கிற மேலண்ணம்தான் மூக்கோட தரை. கீழ் வீட்டுக் கூரையும் மாடி வீட்டுத் தரையும் ஒரே தளமா இருக்குற மாதிரி, ஒரே எலும்புக்குக் கீழ நாக்கு, மேல மூக்கு. கீழ அது குறுகலா, உயரமா குவிஞ்சு போச்சுன்னா மேல மூக்குக்கும் அகலம் கம்மியாத்தான் கிடைக்கும். இந்த சின்ன விஷயத்த எனக்கு ஒருத்தர் சொன்னப்போ வயசு முப்பதுக்கு மேல ஆயிருந்துச்சு. அதுக்குள்ள ஒரு தடவ பல்லப் பிடுங்கி கிளிப் போட்டாச்சு, இன்னொரு இடத்துல ஒரு பிளேட்டுக்காகப் பல மாச சம்பளத்தக் கொட்டியாச்சு, ஈறும் இறங்கியாச்சு. கூட இருந்து இது இப்படித்தான் போகும்னு சொல்ல ஆளே இல்லாம ஒவ்வொண்ணா நானா முட்டி மோதி தெரிஞ்சுக்கிட்டது, அதனால வரிசையா சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, பேஷண்ட்தான், அந்தக் கணக்குல படிங்க.

சின்ன வயசுலேர்ந்தே எனக்கு மூக்கடைப்பு. "வாயப் பொளந்துட்டு தூங்காதடி"ன்னு அம்மா தாடையத் தூக்கி மூடி விடுவாங்க, அடுத்த நிமிஷம் அது திரும்பத் திறந்துக்கும், மூக்குல காத்து போனாத்தானே வாய மூட முடியும். முகம் நீளமா, மேல்தாடை ஒடுக்கமா, ரெண்டு பக்கமும் தெத்துப்பல். டீனேஜ்ல கிளிப் போடக் கூட்டிட்டுப் போனாங்க. இடம் பத்தலன்னு நாலு முன்கடவாய்ப் பல்ல எடுத்துட்டு, கம்பி போட்டு இறுக்கி, ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்து பல்ல நேராக்கினாங்க. போட்டோல சிரிப்பு சூப்பரா இருந்துச்சு, அத மறுக்கல. ஆனா இடம் ஏன் பத்தல, தாடையே அகலம் கம்மியா இருக்கா, இந்தப் பொண்ணு ஏன் எப்பப் பாத்தாலும் வாயாலயே மூச்சு விடுதுன்னு யாரும் கேக்கல.

இங்க ஒண்ண நேர்மையா சொல்லிடணும். பின்னாடி நெட்ல தேடினப்போ பல்லு பிடுங்கினதாலதான் மூச்சுப் பாதை சுருங்கி, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா வருதுன்னு ஆயிரம் வீடியோ பாத்து எனக்குப் பயங்கரக் கோவம், அந்த டாக்டரத் தேடிப் போய் சண்ட போடலாமான்னுகூட நினைச்சேன். அப்புறம் ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டதுல யாருமே அத ஒத்துக்கல. அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல்ல வரிசைப்படுத்துற டாக்டருங்க) சங்கம் ஸ்லீப் ஆப்னியா பத்தி 2019-ல போட்ட அறிக்கையிலயும் பல் எடுக்குறதுதான் ஆப்னியாவுக்குக் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்லன்னுதான் இருக்கு. என் தாடை பல்லப் பிடுங்குறதுக்கு முன்னாடியே ஒடுக்கம்தான், அது வளர்ற வயசுல யார் கண்ணுலயும் படலங்கறதுதான் என் வருத்தம். ரெண்டும் வேற வேற புகார், போட்டுக் குழப்பிக்காதீங்க.

இருபத்தஞ்சு தாண்டினதும் ஒரு மாதிரி அசதி ஆரம்பிச்சுது. எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சாலும் ராத்திரி முழுக்க லாரியில லோடு ஏத்தின மாதிரி உடம்பு, காலையில தலவலி, வாய் காஞ்சு நாக்கு மேல ஒட்டிக்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுறது. தைராய்டு, ரத்தசோகை, விட்டமின் எல்லாம் டெஸ்ட் பண்ணாங்க, எல்லாம் நார்மல். ஒருத்தர் ஸ்ட்ரெஸ்னாரு, இன்னொருத்தர் யோகா பண்ணச் சொன்னாரு. நீ ராத்திரி திடீர்னு மூச்ச இழுத்துட்டுப் புரண்டு படுக்கிறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்ல, தூக்கத்துல ஏதாவது பிரச்சனையான்னு நானே போய்க் கேட்டேன். நான் ஒல்லி, பெரிய குறட்டையும் இல்ல, அதனால முகத்தப் பாத்ததுமே உங்களுக்கெல்லாம் அது வராதுன்னுட்டாங்க. வற்புறுத்தினதுக்கு விரல்ல ஒரு சென்சார் மாட்டி மூக்குல ஒரு டியூப் வெச்சு வீட்டுலயே பண்ற ஸ்லீப் டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. அதுல ஏஹெச்ஐ அஞ்சுக்குக் கீழ வந்துச்சு. ஒரு மணி நேரத்துல எத்தன தடவ மூச்சு நிக்குது இல்ல நல்லா குறையுதுங்கறதுதான் ஏஹெச்ஐ. பெரியவங்களுக்கு அஞ்சு வரைக்கும் நார்மல், அஞ்சுலேர்ந்து பதினஞ்சு லேசு, முப்பது வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். நார்மல்னு சீட்டு கொடுத்து அனுப்பிட்டாங்க.

அந்த நார்மல்ங்கற வார்த்தைய நம்பினதுல எனக்குச் சில வருஷம் போச்சு. வீட்டுல பண்ற டெஸ்ட்ல பெரும்பாலும் மூளை அலையப் பதிவு பண்ண மாட்டாங்க. மூச்சு முழுசா நிக்காம, குறுகலான பாதையில கஷ்டப்பட்டு இழுத்து இழுத்து, அந்தக் கஷ்டத்துலயே மூளை சில நொடி முழிச்சுக்கும், திரும்பத் தூங்கிடும், நமக்கு ஞாபகமே இருக்காது. இது ராத்திரி பூரா நடந்தாலும் ஏஹெச்ஐல ஏறாது. இதுக்கு யூஏஆர்எஸ்னு பேரு, மேல் சுவாசப் பாதையில தடை கூடுதலா இருக்குற நிலைமை. ஸ்டான்ஃபோர்டுல இருந்த கிறிஸ்டியன் கில்லெமினோ குழு 1993-லயே பெரியவங்ககிட்ட இத விவரிச்சு எழுதியிருக்காங்க. குண்டா இல்லாத, சின்னத் தாடை இருக்குற பொண்ணுங்ககிட்ட இது நிறைய பாக்குறோம்னு பின்னாடி நான் போன ஸ்லீப் டாக்டர் சொன்னாங்க. அதனால அசதி நிஜமா இருக்கு, வீட்டு டெஸ்ட் நார்மல்னா அதோட விட்றாதீங்க, லேப்ல ஒரு ராத்திரி தங்கி தலையில ஒயரெல்லாம் ஒட்டிப் பண்ற முழு டெஸ்ட் கேளுங்க, ரிப்போர்ட்ல ஏஹெச்ஐ மட்டும் பாக்காம ஆர்டிஐன்னு ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்க. அந்த முழிப்பெல்லாம் அதுலதான் சேரும்.

ஆனா நான் அந்த லேப் டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடியே வேற ஒரு இடத்துல மாட்டியாச்சு. ஆபரேஷன் இல்லாம, வலி இல்லாம, எந்த வயசுலயும் தாடைய வளர வைக்கலாம்னு சொல்ற ஒரு கிளினிக். வாயத் திறந்து பாத்ததுமே உங்க அண்ணம் ரொம்ப ஒடுக்கம், நாக்குக்கு இடமே இல்ல, அதான் தூங்கும்போது பின்னாடி போய் விழுதுன்னாங்க. இத்தன வருஷமா கேட்ட கேள்விக்கு முதல் தடவயா ஒருத்தங்க பதில் சொல்றாங்கன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அவங்க சொன்னதுல பாதி உண்மை, அதனாலதான் மாட்டிக்கிட்டோம்னே தெரியாது. பல்லு, தாடைய முப்பரிமாணமா எடுக்குற ஒரு சிபிசிடி ஸ்கேன் எடுத்து, தொண்டையோட படத்துல ஒரு இடம் சிவப்பா எரியுறத கம்ப்யூட்டர்ல காட்டி, பாருங்க எவ்வளவு ஆபத்துன்னாங்க. அந்தச் சிவப்பப் பாத்துப் பயந்து போய் முழுப் பேக்கேஜுக்கும் முன்கூட்டியே காசு கட்டினேன்.

அந்தக் கலர் படத்தப் பத்தி இப்பத் தெரிஞ்சத சொல்றேன். அந்த ஸ்கேன் முழிச்சிருக்கும்போது, சில நொடியில எடுக்குறது. நாக்க எங்க வெச்சிருக்கோம், மூச்ச இழுக்குறோமா விடுறோமா, தலைய எப்படி வெச்சிருக்கோம், எல்லாத்துக்கும் அந்த அகலம் மாறும். தூக்கத்துல தசை தளர்ந்து என்ன ஆகும்னு அதுல தெரியாது. ஆப்னியா இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு ஸ்லீப் டெஸ்ட்தான். எலும்பு எவ்வளவு அகலம், பல்லு எலும்புக்குள்ள எப்படி உக்காந்திருக்கு, அண்ணத்து நடுத்தையல் மூடிடுச்சாங்கறதுக்கெல்லாம் சிபிசிடி ரொம்பப் பிரயோஜனம். சிவப்பு பச்சை காட்டி பயமுறுத்தத்தான் அது லாயக்கில்ல.

கழட்டி மாட்டுற பிளேட் ஒண்ணு கொடுத்தாங்க, நடுவுல ஒரு திருகு, அத அப்பப்ப திருப்பணும். ஒவ்வொரு விசிட்லயும் ஸ்கேல் வெச்சு அளந்து இத்தன மில்லிமீட்டர் கூடிடுச்சுன்னு கைய குலுக்குவாங்க, எனக்கும் சந்தோஷம். சில மாசம் கழிச்சு மெல்லும்போது பின் பல்லு சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரல, நுனி மட்டும் முட்டுது. குளிர்ச்சியா எது பட்டாலும் சுருக்குன்னு கூசும். கண்ணாடியில பாத்தா மேல கடவாய்ப் பல்லுங்க நீளமாத் தெரியுது, உண்மையில ஈறு இறங்கியிருக்கு. கேட்டா உடம்பு அட்ஜஸ்ட் ஆகுது, பொறுமையா இருங்கன்னாங்க. மூக்குல ஒரு மாற்றமும் இல்ல, அசதியும் அப்படியேதான்.

நடந்தது என்னன்னா எலும்பு அகலமாகல, பல்லு வெளிப் பக்கமா சாஞ்சிடுச்சு. மேல்தாடை நடுவுல முன்னாலேர்ந்து பின்னாடி வரைக்கும் ஒரு தையல் மாதிரி இணைப்பு இருக்கு. குழந்தைங்களுக்கு அது திறந்தே இருக்கும், அழுத்தம் கொடுத்தா ரெண்டு பாதியும் விலகி நடுவுல புது எலும்பு வளரும். டீனேஜ் முடிய முடிய அது பல்லுச் சக்கரம் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இறுகிடும். அதுக்கப்புறம் பல்லப் பிடிச்சுத் தள்ளுற எந்தக் கருவியும் பல்லத்தான் பெரும்பாலும் தள்ளும். பல்லுக்கு வெளிப் பக்கம் இருக்குற எலும்பு ரொம்ப மெல்லிசு, வேர் அத முட்டித் தேய்ச்சிடும், ஈறு பின்வாங்கும். பெரியவங்களுக்குத் தாடைய மாத்துறோம்னு போடுற இந்த மாதிரி சில கருவிங்களப் பத்தி, மருந்து, மருத்துவக் கருவிங்களக் கண்காணிக்குற அமெரிக்க எஃப்டிஏவே 2023 மார்ச்ல ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. தீராத வலி, பல்லு இடம் மாறுறது, கடி சரியில்லாம போறது, ஈறு கெட்டு வேர் வெளிய தெரியுறது, எலும்பு அரிச்சுப் போறது, பல்லே விழுறதுன்னு புகார் வந்திருக்குன்னு போட்டிருந்தாங்க. என் வாயில பாதி லிஸ்ட் இருந்துச்சு. படிச்ச அன்னைக்கு பிளேட்ட கழட்டி டப்பாவுல போட்டதுதான்.

அதனால யாராவது அகலப்படுத்தலாம்னு சொன்னா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி தலைப்புல இருக்குறதுதான்: நகரப்போறது எலும்பா, பல்லா? எலும்புன்னு சொன்னா அத எப்படி எனக்குக் காட்டுவீங்கன்னு அடுத்தது கேளுங்க. முன்னாடியும் பின்னாடியும் ஸ்கேன் எடுத்து, குறுக்குவெட்டுப் படத்துல பல்லு நுனியில எவ்வளவு கூடியிருக்கு, எலும்பு மட்டத்துல எவ்வளவு கூடியிருக்கு, கடவாய்ப் பல்லோட சாய்வு எவ்வளவு மாறியிருக்குன்னு மூணையும் தனித்தனியா சொல்லணும். நுனிக்கு நுனி அளந்து சொல்ற மில்லிமீட்டருக்கு மதிப்பே இல்ல, பல்லு சாஞ்சாலே அது கூடிடும். எலும்பு நிஜமா விலகுனா பெரும்பாலும் மேல முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து திறக்கும். இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சது இல்ல, 1860-லயே எமர்சன் ஏஞ்செல்ங்கற டாக்டர் ஒரு பதினாலு வயசுப் பொண்ணுக்குத் திருகு வெச்சு அகலப்படுத்தி, முன்பல்லு நடுவுல வந்த சந்த ஆதாரமா எழுதினாரு, அப்ப நிறைய பேர் நம்பல. ஹாஸ்னு ஒருத்தர் 1961-ல திரும்ப எடுத்துக் காட்டினதுக்கு அப்புறம்தான் இது பரவலாச்சு.

வீட்டுலயே பாக்க முடியுமான்னு கேப்பீங்க. ஓரளவுக்கு. மேல முதல் பெரிய கடவாய்ப் பல்லு ரெண்டோட உள் பக்க ஈறு ஓரத்துக்கு நடுவுல இருக்குற தூரத்தப் பாக்குறாங்க. பெரியவங்களுக்கு அது 36-லேர்ந்து 39 மில்லிமீட்டர் வாக்குல இருந்தா சாதாரண சைஸ் பல்லுங்க நெருக்கடி இல்லாம உக்காரும், 31-க்குக் கீழ போனா ஒடுக்கம்னு ஒரு கணக்கு சொல்றாங்க. ஆனா இது தோராயம், கீழ்த்தாடையோட ஒப்பிட்டுப் பாக்காம மேல மட்டும் அளந்து முடிவெடுக்க முடியாது. இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. மேல் பல்லு கீழ் பல்லுக்கு உள்ள விழுற கிராஸ்பைட் இருந்தா எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. எனக்கு அது இல்ல. ஏன்னா மேல் பல்லுங்க வெளிய சாஞ்சு, கீழ் பல்லுங்க உள்ள சாஞ்சு, ஒண்ணுக்கொண்ணு சமாளிச்சு கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வெளிய பாத்தா கடி ஓகே, எலும்பப் பாத்தா ஒடுக்கம்.

இதெல்லாம் சொன்னது அடுத்து நான் போன ஆர்த்தோடான்டிஸ்ட். அவங்க உடனே எதையும் மாட்டல, அதுவே எனக்கு ஆச்சரியம். முதல்ல லேப் ஸ்லீப் டெஸ்ட், அடுத்து இஎன்டி, ரெண்டு ரிப்போர்ட்டும் வந்தாத்தான் பேசுவேன்னுட்டாங்க. லேப் டெஸ்ட்ல ஏஹெச்ஐ லேசா, ஆர்டிஐ நல்லா தூக்கலா வந்துச்சு. இஎன்டில மூக்குத் தண்டு கொஞ்சம் வளைவு, உள்ள சதை வீங்கியிருக்கு, கூடவே அலர்ஜின்னாங்க. மூச்சு இழுக்கும்போது வர்ற மொத்தத் தடையில பாதிக்கு மேல மூக்குலதான்னு அந்த இஎன்டி டாக்டர்தான் சொன்னாரு, பாதை கொஞ்சம் குறுகினாலும் தடை பல மடங்கு ஏறும். ஸ்டீராய்டு ஸ்ப்ரேய ஒழுங்கா, மூக்கோட வெளிச் சுவர் பக்கமா சாய்ச்சு அடிக்கச் சொல்லிக் கொடுத்தாரு. அதுலயே கொஞ்சம் நிம்மதி வந்துச்சுன்னா பாத்துக்கோங்க, அத்தன வருஷம் நடுத்தண்டு மேல அடிச்சுட்டு இருந்தேன், ஒருத்தரும் காட்டித் தரல. இன்னொரு பக்கம், மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதைய திறந்து வைக்குற சிபாப் மெஷின் போட்டுப் பாருங்கன்னு ஸ்லீப் டாக்டர் சொன்னாங்க, போட்டேன், தூக்கம் நல்லா வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனா மூக்கு அடைச்சுக்கிட்டு இருந்ததால பாதி ராத்திரி மாஸ்க்கப் பிடுங்கிப் போட்டுடுவேன். ஆப்னியாவுக்கு இன்னைக்கும் முதல்ல சொல்றது சிபாப்தான், தாடை அகலப்படுத்துறது அதுக்கு மாத்துன்னு யாராவது விக்க வந்தா ஒரு அடி தள்ளி நில்லுங்க.

அப்புறம்தான் ஸ்கேன். நடுத்தையல் எவ்வளவு இறுகியிருக்குன்னு ஏ-லேர்ந்து ஈ வரைக்கும் அஞ்சு நிலையாப் பிரிக்கிறாங்க, ஆஞ்ஜெலியேரி குழு 2013-ல கொடுத்த முறை. ஏ, பி எல்லாம் குழந்தைங்க மாதிரி, டி-ல அண்ணத்தோட பின் பகுதி ஒட்டியாச்சு, ஈ-ல முன் பகுதியும் ஒட்டியாச்சு. வயச மட்டும் வெச்சு சொல்ல முடியாது, ஒரே வயசுல ரெண்டு பேருக்கு ரெண்டு மாதிரி இருக்கும். எனக்கு முன்னால இருந்தது ரெண்டு வழி. அண்ணத்துல சின்ன டைட்டானியம் ஸ்க்ரூ இறக்கி பல்ல நம்பாம எலும்பையே பிடிச்சுத் தள்ளுற மார்ப்பி, இல்லன்னா மயக்கம் கொடுத்து எலும்புல வெட்டுப் போட்டு விலக்குற சார்ப்பி. மார்ப்பி முயற்சி பண்ணலாம், ஆனா பெரியவங்க எல்லாருக்கும் தையல் விலகும்னு உத்தரவாதம் இல்ல, விலகலன்னா நிறுத்திடுவோம், அப்புறம் சார்ப்பி பத்தி யோசிக்கலாம்னு முதல் நாளே சொன்னாங்க. முடியாமப் போகலாம்னு முகத்துக்கு நேரா சொன்ன முதல் ஆள் அவங்கதான், அதுக்காகவே எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

ஸ்க்ரூ இறக்குறது நினைச்ச அளவு கொடுமை இல்ல. மரத்துப் போக ஊசி போடுற அந்த அண்ணத்து ஊசிதான் வலி, அப்புறம் வெறும் அழுத்தம். அடுத்த ரெண்டு மூணு நாள்தான் கஷ்டம், எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும், நாக்க வைக்க இடம் தெரியாது, பேச்சு சுத்தமாக் குழறும், ழ-வும் ள-வும் ச-வும் வாயிலேர்ந்து காணாமப் போச்சு. போன்ல பேசவே கூச்சமா இருந்துச்சு, முக்கியமான மீட்டிங், இன்டர்வியூ ஏதாவது இருந்தா இந்த நாள்ல வெச்சுக்காதீங்க. சாவி போட்டு நாமளே திருப்பணும், ஒரு திருப்புக்கு கால் மில்லிமீட்டர் இல்ல அதுக்கும் கம்மி, கருவியப் பொறுத்தது. கண்ணாடி முன்னாடி டார்ச்ச வாயில அடிச்சுக்கிட்டு அந்த ஓட்டையத் தேடறது தனி சர்க்கஸ், எங்க வீட்டுக்காரர்தான் திருப்பி விடுவாரு, அவரு கை நடுங்கினது என்னவிட அதிகம். ஒவ்வொரு திருப்புக்கும் மூக்குப் பாலத்துலயும் கன்ன எலும்புலயும் ஒரு இறுக்கம். கொஞ்ச நாள் ஒண்ணும் நடக்கல, அவ்வளவுதான் இதுவும் போச்சுன்னு ராத்திரி அழுதேன். அப்புறம் ஒரு காலையில மூக்குக்குக் கீழ டக்குன்னு ஒரு விடுபடல், வலின்னுகூட சொல்ல முடியாது. அடுத்த சில நாள்ல முன்பல்லு நடுவுல சந்து திறக்க ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டு பல்லு விழுந்துடுச்சான்னு கேக்குறாங்க, எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு குஷி.

சுத்தம் பத்தி ஒண்ணு சொல்லணும், இத யாரும் அழுத்திச் சொல்றதில்ல. கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவுல சாப்பாடு போய் சிக்கி, அங்க வீங்கி, ஸ்க்ரூவச் சுத்தி சதை மூடிக்கும், அப்புறம் ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும், ஆடினா மொத்த வேலையும் போச்சு. தண்ணி பீய்ச்சி அடிக்கிற ஃப்ளாஸர் முதல்லயே வாங்கி வெச்சுக்கோங்க, சாப்ட ஒவ்வொரு தடவயும் அடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலா நகர்ற மாதிரியோ, மூக்கு ஒரு பக்கமா இழுக்குற மாதிரியோ தெரிஞ்சா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணிடணும், கோணலாத் திறக்கவும் செய்யும். மூக்கோட அடிப்பகுதி லேசா அகலமாகும், எனக்கு ஆச்சு, போட்டோல எனக்கு மட்டும் தெரியுது. திருப்பி முடிச்ச பிறகும் கருவி ஆறு மாசத்துக்கு மேல வாயிலயே இருந்துச்சு, நடுவுல எலும்பு நிரம்பணும், அவசரப்பட்டு எடுத்தா பழையபடி சுருங்கும். அதுக்கப்புறம் மறுபடி கிளிப், சந்த மூட, முன்னாடி பிளேட் சாய்ச்சு வெச்ச பல்ல நிமித்த. முப்பது தாண்டி ரெண்டாவது தடவ கிளிப் போட்டுக்கிட்டு சுத்துறது கஷ்டமாத்தான் இருந்துச்சு, மறைக்க விரும்பல.

பலன் என்னன்னு கேட்டா, மூக்கு நிஜமா திறந்துச்சு. மாடிப்படி ஏறும்போது வாய மூடிட்டே ஏற முடியுது, காலையில வாய் காஞ்சு எந்திரிக்கிறது போயிடுச்சு. திரும்ப எடுத்த லேப் டெஸ்ட்ல ஆர்டிஐ நல்லா குறைஞ்சிருந்துச்சு, ஆனா பூஜ்யம் ஆகல. ஸ்ப்ரே இன்னும் உண்டு, அலர்ஜி எகிறினா பழைய அசதி எட்டிப் பாக்கும், அப்ப சிபாப்பும் உண்டு, இப்ப மூக்கு விடுறதால மாஸ்க் தாங்குது. எல்லாம் மாயமா சரியாயிடுச்சுன்னு எழுதற கதைங்களப் படிச்சுட்டு வந்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. நாக்குக்கு எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்தாங்க, நாக்க மேலண்ணத்துல வெச்சு வாய மூடி மூக்கால மூச்சு விடப் பழகுறது. இப்படி வாய், தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தா ஆப்னியா ஓரளவு குறையுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. அதுக்காக நாக்க வெச்சு அழுத்தியே பெரியவங்க தாடை எலும்ப அகலமாக்கலாம்னு மியூயிங் வீடியோக்காரங்க சொல்றத நம்ப வேண்டாம், இறுகிப் போன தையல் நாக்கு அழுத்தத்துக்கு அசையாது.

ஒடுக்கமான தாடையால மூக்கு அடைச்சுதா, மூக்கு அடைச்சதால தாடை ஒடுங்குச்சா? ரெண்டு பக்கமும் இருக்கு. ஹார்வோல்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் வளர்ற குரங்குங்களோட மூக்க அடைச்சு வாயால மூச்சு விட வெச்சுப் பாத்தாரு, பல்லு வரிசையும் தாடையும் மாறிப் போச்சு. நாக்கு மேல படிஞ்சிருந்தா உள்ளேர்ந்து தாங்கும், வாயத் திறந்து நாக்கு கீழ இறங்கிட்டா கன்னத் தசை வெளியேர்ந்து அமுக்குறதத் தடுக்க ஆளில்ல. பரம்பரையும் இருக்கு, எங்கம்மாவுக்கும் இதே அண்ணம்தான்.

எனக்கு இது முக்கியமாப் பட்டது எம் பொண்ணால. அவளும் வாயத் திறந்துதான் தூங்குவா, ஒரு பக்கம் கிராஸ்பைட். எட்டு வயசு ஆகுறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டேன். முதல்ல இஎன்டில பாத்து, மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டு சதை பெருசா இருக்குன்னு அதுக்கு வைத்தியம், அப்புறம்தான் கடவாய்ப் பல்லுல ஒட்டுற, அகலப்படுத்துற சாதாரண எக்ஸ்பாண்டர். ஸ்க்ரூ கிடையாது, வெட்டு கிடையாது, தினம் ஒரு திருப்பு, சில வாரத்துல அகலம் வந்துடுச்சு, அப்புறம் சும்மா வாயில வெச்சிருந்ததோட சரி. எனக்கு ஆன செலவுல ஒரு சின்னப் பங்குதான். 2004-ல பிரெல்லி, கில்லெமினோ குழு ஆப்னியாவும் ஒடுக்கமான மேல்தாடையும் இருந்த 31 குழந்தைங்களுக்கு இப்படி அகலப்படுத்திப் பாத்ததுல பெரும்பாலானவங்களுக்கு மூச்சு நிக்குறது கிட்டத்தட்ட நார்மலுக்கு வந்துச்சு. அதுலயும் அடினாய்டு பெருசா இருந்த குழந்தைங்களச் சேக்கல, கவனிக்கணும். தாடை அகலமா இருக்குற குழந்தைக்கு, வருமுன் காப்போம்னு சும்மா எக்ஸ்பாண்டர் மாட்டுறதுக்கு இது ஆதாரம் ஆகாது. வாய் திறந்து தூங்குறது, குறட்டை, ராத்திரி வேர்த்து விடுறது, பெரிய புள்ளையாகியும் படுக்கைய நனைக்கிறது, பகல்ல கவனம் சிதறுறது, இதுல சிலது சேந்து இருந்தா பல் டாக்டர், இஎன்டி ரெண்டு பேரும் பாக்கட்டும். குழந்தைங்களுக்கு ஏஹெச்ஐ ஒண்ணத் தாண்டினாலே கவனிக்கணும், பெரியவங்க கணக்கு அதுக்குப் பொருந்தாது.

காசு விஷயம் கடைசியா. முழுப் பேக்கேஜுக்கும் முன்னாடியே கட்டாதீங்க, கட்டம் கட்டமா கொடுக்கலாம்னு ஒத்துக்காத இடத்துல எழுந்து வந்துடுங்க. எலும்பு விலகலன்னா அடுத்து என்ன, அதுக்குத் தனிக் காசா, நிறுத்தினா மீதி திரும்ப வருமான்னு எழுத்துல வாங்கணும். எனக்கு அந்த முதல் கிளினிக்ல சல்லிக் காசு திரும்ப வரல, பேக்கேஜ்ல ரீஃபண்ட் இல்லன்னு பொடி எழுத்துல இருந்துச்சாம். ஈறு எவ்வளவு இறங்கியிருக்குன்னு சிகிச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அளந்து சார்ட்ல எழுதச் சொல்லுங்க, பின்னாடி இது முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லுவாங்க, எங்கிட்ட சொன்னாங்க. ஸ்கேன் எடுத்தா பிரிண்ட் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, டைகாம் ஃபைலா பென் டிரைவ்ல வாங்கிடுங்க, அதுதான் இன்னொரு டாக்டர் திறந்து அளக்கக்கூடியது. பிளேட்டுக்கு முன்னாடி எடுத்த என் ஸ்கேன் ஃபைல அந்தக் கிளினிக் இன்னும் தரல, சிஸ்டம் மாத்திட்டோம், தேடறோம்னு பதில் வந்துட்டே இருக்கு, நானும் மெயில் போட்டுட்டேதான் இருக்கேன். கிளிப் கீழ்ப் பல்லுல இன்னும் ஓடிட்டு இருக்கு, அது கழட்டினதும் ரெண்டு கடவாய்ப் பல்லுக்கு ஈறு கிராஃப்ட் (இறங்கின ஈறு மேல சதை ஒட்டுறது) பண்ணணும், அதுக்கு எஸ்டிமேட் இப்பதான் வாங்கியிருக்கேன்.